பாட்டிலைத் திறப்பதற்கு முன்: வேதியியல் ஆய்வகப் பாதுகாப்பைக் கற்பிக்க ஏ.ஆர்.

பதினோராம் வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஆய்வகப் பாதுகாப்பு என்று நாம் தருவது பெரும்பாலும் ஒரு பட்டியல். சுவரில் ஒரு சார்ட், ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வரி. பிள்ளைகள் அதை அழகாக எழுதி, ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடு போட்டு, கையெழுத்தும் வாங்கிவிடுகிறார்கள். அடுத்த வாரம் அதே பிள்ளை சோதனைக்குழாயைச் சூடுபடுத்தும்போது குழாயின் வாய் எதிர் மேசைக்காரியின் முகத்தைப் பார்த்தபடி இருக்கும். அவளுக்கு விதி தெரியும். உள்ளே இருப்பது பொங்கினால் எந்தப் பக்கம் பாயும் என்பதுதான் இன்னும் கண்ணில் படவில்லை.

ஏ.ஆர். எனப்படும் ஆக்மென்டட் ரியாலிட்டி இந்த இடைவெளிக்குத்தான் பயன்படுகிறது. போன் கேமரா வழியாக மேசையைப் பார்த்தால், அங்கே இல்லாத ஒன்று, அதாவது பாயும் திரவத்தின் பாதையோ நிறமில்லாத வாயுவோ, மேசைமேலேயே இருப்பதுபோலத் திரையில் தெரியும். கண்ணை முழுக்க மறைத்து வேறு உலகத்துக்குக் கூட்டிப்போகிற வி.ஆர். கண்ணாடி இதற்கு ஒத்துவராது. விலை ஒரு பக்கம் இருக்கட்டும். பிள்ளை தான் நாளைக்கு நிற்கப்போகிற மேசையைப் பார்த்தபடியே கற்க வேண்டும்.

வடசென்னைப் பிள்ளைகளுக்கு ரசாயனம் பாடப்புத்தகத்தோடு முடிகிற சமாச்சாரமும் இல்லை. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது, உர ஆலை இருக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து வீட்டை விட்டு ஓடினார்கள். நம் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் நாளைக்கு இதே ஆலைகளில் வேலைக்குப் போவார்கள். செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணைத் தாண்டியும் இதற்குப் பயன் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று எந்தப் பக்கத்துப் பள்ளியாக இருந்தாலும், இரண்டு மூன்று சாதாரண ஆண்ட்ராய்டு போன்களும் ஒரு கணினியும் இருந்தால் கீழே சொல்வதைச் செய்துவிடலாம். புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசிரியர் ஒருவர் கூட இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி

ஏ.ஆர். வகுப்பு நடக்கும்போது ஆய்வகத்தில் எந்த வேதிப்பொருள் பாட்டிலும் திறந்திருக்கக் கூடாது. பாட்டில் திறந்த பிறகு யார் கையிலும் போன் இருக்கக் கூடாது. இரண்டையும் கலந்து, "செய்முறை செய்துகொண்டே திரையில் எச்சரிக்கை வரும்" என்று காட்டும் விளம்பர வீடியோக்கள் பார்க்க நன்றாக இருக்கும். ஒரு கையில் போன், ஒரு கையில் அமிலம், கண் திரையில்: இதை எந்த ஆசிரியரும் அனுமதிக்க மாட்டார். திரையைத் தொட்ட விரல் அமிலம் பட்ட விரலாக இருந்தால், அந்த போன் பிறகு காதுக்கும் கன்னத்துக்கும் போகும்.

இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்கும்போதும் முதலில் இதையே சொல்லுங்கள். பள்ளிக்குள் மாணவர் போன் கூடாது என்பது நம் பள்ளிகளில் நடைமுறை. ஆகவே ஆசிரியர்களின் போன்கள், வகுப்பு முடிந்ததும் திரும்ப எண்ணி வாங்கப்படும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். போன் தரவே முடியாது என்றால், வெப் கேமரா உள்ள ஒரு லேப்டாப்பையும் புரொஜெக்டரையும் வைத்துக்கூட நடத்தலாம். பிள்ளைகள் அட்டையைக் கேமராவுக்கு முன் பிடித்தால், திரையில் வகுப்பே பார்க்கும்.

போனை எடுக்காமல் ஒரு சுற்று

காலி ஆய்வகத்தில் லேப் அசிஸ்டென்டோடு ஒருமுறை நடந்து பாருங்கள். எந்த இடத்தில் கண்ணாடி உடைகிறது, எந்த மேசையில் ஸ்பிரிட் விளக்கு எப்போதும் ஓரத்தில் நிற்கிறது, எந்தப் பாட்டிலின் லேபிள் அரித்துப் போயிருக்கிறது என்பதெல்லாம் நம்மைவிட அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எந்த ஆபத்துகளைக் காட்டப்போகிறீர்கள் என்பதற்கு அந்தக் குறிப்பைவிட நல்ல மூலம் கிடையாது.

அப்புறம் தண்ணீர்க் குழாய். கண்ணிலோ தோலிலோ அமிலம் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறோம். உங்கள் ஆய்வகக் குழாயில் 15 நிமிடம் தண்ணீர் நிற்காமல் வருமா? மோட்டார் போட்டால்தான் வரும் என்றால், செய்முறை நாளன்று மோட்டாரை யார், எத்தனை மணிக்குப் போடுவது? வாட்ச் வைத்து ஒருமுறை திறந்துவிட்டுப் பாருங்கள். வறண்ட குழாயை நோக்கி ஏ.ஆர். அம்புக்குறி போடுவதில் ஒரு பயனும் இல்லை. முதலில் குழாய், பிறகு அம்புக்குறி.

மணல் வாளியில் மணல் இருக்கிறதா, காகிதக் குப்பையா? தீயணைப்பானின் முள் பச்சையில் இருக்கிறதா? வெளியே போகும் கதவின் மறுபக்கம் பூட்டியிருக்கிறதா? இவற்றுக்குத் தொழில்நுட்பம் தேவையில்லை, சாவி இருந்தால் போதும்.

பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கமும் அப்படித்தான். அதற்காக ஒரு ஏ.ஆர். காட்சி செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். பாரிமுனைப் பக்கம் ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் ரப்பர் பல்பு வாங்கி ஒவ்வொரு மேசையிலும் வைத்துவிடுங்கள், பிரச்சினை முடிந்தது.

மூன்று ஆபத்துகள் போதும்

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லா விதிகளையும் ஏ.ஆரில் கொண்டுவர ஆசைப்படுவார்கள். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுக்க ஒரு கேள்வி: இந்த ஆபத்து சாதாரணக் கண்ணுக்குத் தெரியாததா? தெரியாததென்றால் ஏ.ஆர். உதவும். உடைந்த பியூரெட் முனை கண்ணுக்கே தெரிகிறது, அதைக் கையில் எடுத்துக் காட்டினால் போதும். துப்பட்டாவை முடிச்சுப் போடுவது, இரட்டைச் சடையைப் பின்னால் கட்டுவது, செருப்புக்குப் பதில் ஷூ, இதெல்லாம் வாசலில் நின்று பார்க்க வேண்டியவை.

என் தேர்வு இவை: சூடாகும் சோதனைக்குழாயிலிருந்து திரவம் பாயும் திசை, அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும் வரிசை, வாயு போகும் பாதை. உங்கள் லேப் அசிஸ்டென்ட் வேறு சொன்னால் அவர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவி

ஏ.ஆர். இரண்டு விதமாக இயங்கும். ஒன்று, தரையையோ மேசையையோ போன் தானே அளந்து அதன்மேல் பொருளை வைப்பது. ஆண்ட்ராய்டில் இதற்கு கூகுளின் ஏ.ஆர்.கோர் தேவை. எல்லா போன்களிலும் அது இயங்காது. விலை குறைந்த மாடல்கள் பல அந்தப் பட்டியலில் இருக்காது. மற்றொன்று, அச்சிட்ட படத்தைக் கேமரா அடையாளம் கண்டு அதன்மேல் பொருளைக் காட்டுவது. இதற்குச் சாதாரணக் கேமராவும் பிரவுசரும் போதும். நமக்கு இரண்டாவதுதான் சரி.

இந்த வகைக்கு மைண்ட்ஏஆர் என்ற இலவச, திறமூலக் கருவி இருக்கிறது. அது ஏ-ஃப்ரேம் என்ற இன்னொரு இலவசக் கருவியோடு சேர்ந்து வேலை செய்யும். செயலி எதையும் போனில் நிறுவ வேண்டாம்; இணையப் பக்கத்தைத் திறந்தால் போதும். கேமரா காட்சி போனுக்குள்ளேயே அலசப்படுகிறது, வேறு எங்கும் அனுப்பப்படுவதில்லை. பிள்ளைகள் முகம் கேமராவில் விழுமே என்று பெற்றோர் கேட்டால் இந்தப் பதிலைத் தைரியமாகச் சொல்லலாம்.

புரோகிராம் எழுதாமல், பொருள்களை இழுத்து வைத்தே ஏ.ஆர். காட்சி செய்யும் தளங்களும் உண்டு. ஒன்று இரண்டு காட்சிக்கு அவை வசதிதான். ஆனால் நிறுவனம் கடையை மூடினால் உங்கள் உழைப்பும் போய்விடும். ஏ.ஆர். காட்சிகள் செய்ய உதவிய மெட்டாவின் ஸ்பார்க் கருவி 2025 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. அதில் வெளியார் செய்து வைத்திருந்த காட்சிகளெல்லாம் அதோடு போயின. கோப்புகள் நம் கையில் இருக்கும் வழியே பள்ளிக்கு நல்லது.

அட்டை தயாரித்தல்

கேமரா அடையாளம் காண வேண்டிய படத்தை அட்டை என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பேருக்கு ஏ.ஆர். சொதப்புவது இந்த அட்டையில்தான்.

படத்தில் வெளிச்சமும் இருட்டும் கூர்மையாகப் பிரிந்த சின்னச் சின்ன விவரங்கள் நிறைய இருக்க வேண்டும். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரக் கூடாது. கோலம் அழகுதான், ஆனால் நான்கு பக்கமும் ஒன்றாக இருப்பதால் எது மேல், எது கீழ் என்று கேமரா குழம்பும். ராயபுரம் ரயில் நிலையத்தை வரைந்து தருகிறேன் என்று பிள்ளைகள் வருவார்கள். 1856-இல் திறந்த நிலையம், நம் பேட்டையின் பெருமை எல்லாம் சரி. ஆனால் வரிசையாக ஒரே மாதிரித் தூண்கள். காசிமேட்டுப் படகுகள் நெருக்கியடித்து நிற்கும் படம் அதைவிடப் பல மடங்கு நன்றாக வேலை செய்யும். ஒவ்வொரு படகும் ஒரு நிறம், ஒரு கோணம், நடுவில் வலையும் கயிறும். பிள்ளைகளையே வரையச் சொல்லி ஸ்கேன் செய்யுங்கள். ஒவ்வொரு ஆபத்துக்கும் தனிப் படம் வேண்டும். ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபட்டிருக்க வேண்டும்.

படம் தயாரானதும் மைண்ட்ஏஆர் தளத்தில் உள்ள கம்பைலர் பக்கத்தில் அதை ஏற்றுங்கள். சிறிது நேரத்தில் படத்தின்மேல் புள்ளிகள் தோன்றும். கேமரா பிடித்துக்கொள்ளப்போகும் இடங்கள் அவை. புள்ளிகள் படம் முழுக்கப் பரவியிருந்தால் நல்லது. ஒரு மூலையில் மட்டும் குவிந்திருந்தால் வேறு படம் பாருங்கள். பிறகு அங்கிருந்து ஒரு கோப்பை இறக்கிக்கொள்ளலாம், இதுதான் இலக்குக் கோப்பு. மூன்று படத்தையும் சேர்த்து ஒரே கோப்பாகவே வாங்கலாம்.

ஏ5 அளவில், அதாவது 14.8 செ.மீ.க்கு 21 செ.மீ., கலர் பிரின்ட் எடுங்கள். லேமினேஷன் வேண்டாம்! கடைக்காரர் கேட்காமலே போட்டுக் கொடுத்துவிடுவார், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பளபளப்பில் டியூப் லைட் பட்டால் அந்த இடம் கேமராவுக்கு வெறும் வெள்ளை. பளபளப்பில்லாத தாளில் எடுத்து, பழைய தினசரி காலண்டர் அட்டையில் வளைவில்லாமல் ஒட்டினால் வருடம் முழுக்க வரும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பாட்டில் லேபிளையே அட்டையாக வைத்தால் என்ன, போனைக் காட்டினால் அது இன்ன அமிலம் என்று சொல்லிவிடுமே என்று தோன்றும். கண்டிப்பாகச் செய்யாதீர்கள். பாட்டில் வளைவானது, கேமரா சரியாகப் பிடிக்காது. அதைவிட மோசம், ஒரே நிறுவனத்தின் பாட்டில்களில் லேபிள் வடிவமைப்பு ஒன்றாக இருக்கும், பெயர் மட்டும்தான் மாறும். கேமராவுக்கு இரண்டும் ஒரே படம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் காட்டினால் கந்தக அமிலம் என்று திரை சொல்லும். பாட்டிலின் பெயரை வாய்விட்டுப் படிக்கும் பழக்கத்துக்கு மாற்றாக எந்தக் கருவியையும் வைக்காதீர்கள்.

முதல் காட்சி: சிவப்புக் கூம்பு

முப்பரிமாண மாதிரி எதுவும் வரையாமல் செய்யக்கூடியது இது. ஏ-ஃப்ரேமில் கூம்பு, உருளை, பந்து போன்ற வடிவங்கள் தயாராக இருக்கின்றன. மைண்ட்ஏஆர் தளத்தில் உள்ள மாதிரிப் பக்கத்தை அப்படியே நகலெடுங்கள். இலக்குக் கோப்பின் பெயரை உங்கள் கோப்பின் பெயராக மாற்றுங்கள். மாதிரியில் வரும் பொருளை எடுத்துவிட்டு ஒரு கூம்பை வையுங்கள்: சிவப்பு நிறம், பாதி ஒளி ஊடுருவும்படி. அடி ஆரம் சிறியதாகவும் மேல் ஆரம் பெரியதாகவும் கொடுங்கள், அப்போதுதான் கூர்முனை குழாயின் வாயிலும் அகன்ற பக்கம் வெளியேயும் இருக்கும்.

அளவு கணக்கு எளிது. அட்டையின் அகலம் ஒரு அலகு. ஏ5 அட்டையை நெட்டுவாக்கில் வைத்தால் ஒரு அலகு 14.8 செ.மீ. கூம்பின் நீளம் 4 அலகு என்றால் ஏறக்குறைய 60 செ.மீ. உங்கள் மேசையின் எதிர்ப்பக்கம் எவ்வளவு தூரம் என்று அளந்து, அதைத் தாண்டிப் போகும்படி நீளம் கொடுங்கள். அட்டையின் நடுப்புள்ளியிலிருந்து மேல் விளிம்பு 0.7 அலகு. ஆகவே கூம்பின் நடுப்பகுதி 2.7 அலகு உயரத்தில் வர வேண்டும்.

இப்போது ஒரு காலிச் சோதனைக்குழாயை, வாய் மேல் விளிம்பைப் பார்க்கும்படி, அட்டையின் ஓரத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். படத்தின் பெரும்பகுதியை மறைத்துவிடக் கூடாது. ஒரு பிள்ளை அட்டையைக் குழாய் பிடிப்பது போலச் சாய்த்துப் பிடிக்க, இன்னொருவர் போனில் பார்ப்பார். அட்டை சாயும் திசையிலெல்லாம் கூம்பும் சாயும். கூம்பு யார்மேல் விழுகிறதோ அவர் பெயரைப் பார்ப்பவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். "மிஸ், என் மேலயே வருது!" என்று ஒரு குரல் வந்துவிட்டால் பாடம் பாதி முடிந்தது.

போன் வைத்திருப்பவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். குழாய்க்கு நேர் எதிரில் நின்றால் அட்டை கேமராவுக்கு வெறும் கோடாகத் தெரியும், கூம்பு மறைந்துவிடும். ஆபத்தான இடத்தில் நிற்பவருக்கு எச்சரிக்கை தெரியாமல் போவது இந்தக் கருவியின் கோளாறு. பிள்ளைகளிடம் அதையும் விளக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் "இங்கே கூம்பு இல்லை, இங்கே நிற்கலாம்" என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

பக்கத்தை இணையத்தில் வெளியிட கிட்ஹப் தளத்தின் கிட்ஹப் பேஜஸ் வசதி போதும், இலவசம். கேமராவைத் திறக்கப் பாதுகாப்பான இணைய முகவரி வேண்டும் என்று பிரவுசர் அடம்பிடிக்கும், கிட்ஹப்பில் அது தானாகவே கிடைத்துவிடும். முகவரிக்கு ஒரு கியூ.ஆர். கோடு தயார்செய்து அட்டையின் பின்பக்கம் ஒட்டுங்கள். 2018-இல் புதிய பாடப்புத்தகங்கள் வந்ததிலிருந்து கியூ.ஆர். ஸ்கேன் செய்வது ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பழகிப்போன விஷயம்.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. ஏ-ஃப்ரேமின் எழுத்து வசதியில் தமிழ் எழுதினால் கொம்பும் காலும் சிதறும், சில சமயம் ஒன்றுமே வராது. "முகத்தை விலக்கு" போன்ற வாசகத்தைத் தனிப் படமாகச் சேமித்து, அந்தப் படத்தைக் காட்சியில் ஒட்டுங்கள். அதைவிட நல்லது, உங்கள் குரலிலேயே சொல்லிப் பதிவு செய்வது. பிள்ளைகளுக்குத் தெரிந்த குரல் திரை எழுத்தைவிட வேகமாக உள்ளே போகும். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் குரல் இன்னும் உதவும்.

இரண்டாவது காட்சி: அமிலமும் தண்ணீரும்

அடர் கந்தக அமிலத்தைத் தண்ணீரில்தான் சேர்க்க வேண்டும், தண்ணீரை அமிலத்தில் சேர்க்கக் கூடாது. எல்லாப் பிள்ளையும் ஒப்பிக்கும். ஏன் என்று கேட்டால் பாதிப் பேர் "வெடிக்கும் சார்" என்பார்கள். நடப்பது இது: அடர் கந்தக அமிலத்தின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு சுமார் 1.84 கிராம். தண்ணீர் அதைவிட லேசு. அமிலத்தின்மேல் தண்ணீர் ஊற்றினால் அது மேற்பரப்பிலேயே நிற்கும். கலக்கும் இடத்தில் வெளிப்படும் வெப்பம் அந்தக் கொஞ்சத் தண்ணீரைச் சட்டென்று கொதிக்க வைக்கும். கொதி அமிலத்தையும் தூக்கிக்கொண்டு தெறிக்கும். அமிலத்தைச் சிறிது சிறிதாகத் தண்ணீரில் விட்டால், கனமான அமிலம் கீழே இறங்கிப் பரவும், வெப்பத்தை நிறையத் தண்ணீர் பகிர்ந்துகொள்ளும்.

இதைக் காட்ட ஒளி ஊடுருவும் உருளை ஒன்று பீக்கராக, உள்ளே நிறம் வேறுபட்ட இரண்டு அடுக்கு, மேற்பரப்பில் சில சின்னப் பந்துகள் போதும். தவறான வரிசையில் அந்தப் பந்துகள் மேலே எழும்ப வேண்டும். எவ்வளவு உயரம்? மேசைக்கு முன் நிற்கும் பிள்ளையின் கண் உயரம் வரை. அங்கே காட்சி அப்படியே உறைந்து நிற்கட்டும். வெடிச்சத்தம், புகை, தீப்பொறி எதுவும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் பிள்ளைகள் "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று தவறான வரிசையையே ரசித்துப் பார்ப்பார்கள். உறைந்து நிற்கும் துளிகள் தன் கண்ணுக்கு நேரே இருப்பதைப் பார்த்த பிள்ளை பாதுகாப்புக் கண்ணாடியைக் கேட்டு வாங்கும்.

கண்ணாடி என்றதும் நினைவுக்கு வருகிறது: மைண்ட்ஏஆரில் முகத்தை அடையாளம் காணும் வசதியும் இருக்கிறது. முகத்தில் பொய்யாகப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிடலாம். விளையாட்டாக நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் நிஜக் கண்ணாடியை மாட்டி இறுக்கிப் பழக்கலாம்.

மூன்றாவது காட்சி: கண்ணுக்குத் தெரியாத வாயு

உப்புப் பகுப்பாய்வில் அமோனியா வரும், ஹைட்ரஜன் சல்பைடு வரும், பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடு வரும். மூலக்கூறு நிறையைக் காற்றின் சராசரியான 29-ஓடு ஒப்பிட்டால் போகும் திசை தெரிந்துவிடும். அமோனியா 17, மேலே ஏறும். ஹைட்ரஜன் சல்பைடு 34, நைட்ரஜன் டை ஆக்சைடு 46, இரண்டும் தாழ்ந்து மேசைமட்டத்தில் தங்கப் பார்க்கும். குனிந்து எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையின் மூக்கும் அதே மட்டத்தில்தான் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தைக் காட்டவே இந்தக் காட்சி. சிறு பந்துகள் ஒரு வாயுவில் மேலேறட்டும், மற்றதில் மேசையில் பரவட்டும். எண்ணிக்கையைக் குறைவாக வையுங்கள், பழைய போன் திணறும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நிறமில்லாத அமோனியாவுக்குத் திரையில் நாம் நிறம் கொடுக்கிறோம். நிஜத்தில் நிறம் தெரியாதபோது "வாயு வரவில்லை" என்று பிள்ளை நினைத்துவிடக் கூடும். ஆகவே காட்சி முடிவில் நிறத்தை முழுக்க அகற்றிவிட்டு, "இப்போது வாயு எங்கே இருக்கிறது, கை நீட்டிக் காட்டு" என்று கேளுங்கள். நிறம் போனபிறகும் சரியான இடத்தைக் காட்டுகிற பிள்ளைக்குத்தான் புரிந்திருக்கிறது.

ஹைட்ரஜன் சல்பைடு பற்றி ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். செறிவு கூடக் கூட, மூக்கு அதன் நாற்றத்தை உணரும் திறனை இழந்துவிடும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவிலேயே இது நடக்கும். அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டதென்றால் வாயு போய்விட்டதென்று பொருளில்லை. நாற்றத்தை ஏ.ஆர். காட்டவே முடியாது. இதைப் பேசித்தான் புரியவைக்க வேண்டும். எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பிள்ளைகளிடம் "எந்த நாற்றம் எந்த நேரத்தில் வரும்" என்று கேட்டுத் தொடங்கினால், அவர்களே நமக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்.

நேரம் இருந்தால் லேபிள் குறிகளையும் இங்கேயே தொட்டுவிடலாம். உலகெங்கும் ஒரே மாதிரி இருக்க ஐ.நா. 2003-இல் வெளியிட்ட முறைப்படி, சிவப்புச் சாய்சதுரத்துக்குள் ஒன்பது ஆபத்துக் குறிகள் உண்டு. பிள்ளைகள் குழம்புவது இரண்டில்: வெறும் தீச்சுடர் என்றால் தானே எரியும் பொருள், வட்டத்தின்மேல் தீச்சுடர் என்றால் மற்றது எரிய உதவும் ஆக்ஸிஜனேற்றி. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகு மணலிக் கிடங்கில் இருந்த சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட் பற்றி ஊரே பேசியதே, அந்தப் பொருளுக்கு இந்த இரண்டாவது குறி. இதற்கு ஏ.ஆர். தேவையில்லை, ஒரு தாளில் இரண்டையும் அருகருகே வரைந்தால் போதும்.

வகுப்பு நடத்துதல்

ஆய்வகத்தில் சுவர் தடிமனாக இருந்தால் சிக்னல் கிடைக்காது. ஸ்டாஃப் ரூமிலேயே எல்லா போனிலும் பக்கத்தைத் திறந்து, அட்டையை ஒருமுறை காட்டி, டேபை மூடாமல் கொண்டுபோங்கள். சார்ஜையும் பார்த்துக்கொள்ளுங்கள், கேமரா ஓடினால் வேகமாக இறங்கும்.

ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். ஒரு குழு கூம்பு மேசையில், ஒன்று அமில மேசையில், ஒன்று வாயு மேசையில். மீதிக் குழுக்கள் சும்மா நிற்கக் கூடாது. அவர்களுக்கு வேலை, தங்கள் மேசையிலிருந்து குழாய்க்கும் மணல் வாளிக்கும் கதவுக்கும் எத்தனை அடி என்று நடந்து அளந்து தரைப்படம் வரைவது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறலாம். ஒரு பீரியடில் எல்லாரும் முடிக்க முடியாது, இரண்டு பீரியடாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மேசையிலும் போன் பார்ப்பவர் ஒருவர், கையால் செய்பவர் ஒருவர், மற்றவர்கள் கேள்வி கேட்பவர்கள். போன் ஒரே ஆள் கையில் தங்கிவிடும். பெரும்பாலும் அது ஒரு பையன் கையாக இருக்கும். நீங்களே பெயர் சொல்லி மாற்றிவிடுங்கள்.

காட்சிகள் முடிந்ததும் போன்களை வாசலில் ஒரு டப்பாவில் எண்ணிப் போடுங்கள். அடுத்தது தண்ணீர் ஒத்திகை: பாட்டில்களில் அமிலத்துக்குப் பதில் சாயம் கலந்த தண்ணீர், விளக்கு ஏற்றாமல், முழுச் செய்முறையும் கையால். திரையில் பார்த்தது கைக்கு வருகிறதா என்று இங்கேதான் தெரியும். குழாயைச் சாய்க்கும்போது பிள்ளை ஒரு நொடி எதிரே பார்க்கிறதா? பாட்டில் மூடியை மேசையில் கவிழ்க்காமல் வைக்கிறதா? கையில் ஒரு தாளை வைத்துக் குறியுங்கள். ஸ்பிரிட் விளக்குக்கும் இங்கேயே ஒரு வார்த்தை: எரிசாராயச் சுடர் பகல் வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. அணைந்துவிட்டதென்று நினைத்து எரிபொருள் ஊற்றுவது விபத்துக்கு வழி. ஆறிய பிறகு, லேப் அசிஸ்டென்ட் மட்டும் ஊற்றட்டும்.

இரண்டு வாரம் கழித்து

அடுத்த நாளே தேர்வு வைத்தால் எல்லாரும் சரியாகச் செய்வார்கள். இரண்டு மூன்று வாரம் விட்டு, சொல்லாமல், உண்மையான செய்முறை வகுப்பில் அதே தாளை வைத்துக் குறியுங்கள். யார் செய்யவில்லை என்பதைவிட எந்தப் பழக்கம் தங்கவில்லை என்று பாருங்கள். கூம்பு தங்கி, வாயு தங்கவில்லையென்றால் வாயுக் காட்சியை மாற்றி அமைக்க வேண்டும்.

அட்டைகளை ஒரு உறையில் போட்டு பீரோவில் வையுங்கள். கடற்காற்றில் தாள் நமுத்து வளையும், வளைந்த அட்டையைக் கேமரா பிடிக்காது. கோப்புகள் கிட்ஹப்பில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி. கடவுச்சொல்லை உங்கள் சொந்தக் கணக்கில் வைக்காமல் பள்ளியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி அதில் வையுங்கள், மாறுதல் வந்து நீங்கள் வேறு பள்ளிக்குப் போனால் அடுத்து வருபவருக்குத் தேவைப்படும். மேசைகளை இடம் மாற்றினாலோ குழாய் பழுதானாலோ தரைப்படத்தையும் கூம்பின் நீளத்தையும் அன்றே திருத்திவிடும்படி லேப் அசிஸ்டென்டிடம் சொல்லி வையுங்கள்.